வியாழக்கிழமை வண்டிகள்

லூக்கா,
12 மார்ச் 2018

அல்வாரோவுக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணன் போய்விட்டார் என்றுதான் நினைத்திருப்பாய். இல்லை. பக்கத்து அறையில் டி.வி.யில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன் பண்ணலாம் என்றால், உனக்குக் காது அநேகமாகப் போய்விட்டது என்று உன் மகள் இலாரியா கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாள். நீ வருஷா வருஷம் அனுப்பும் அட்டைகளை உன் அண்ணன் தொடுவதில்லை. நான்தான் மேஜை டிராயரில் போட்டு வைக்கிறேன். அதிலிருந்துதான் உன் சவோனா விலாசத்தை எடுத்தேன்.

பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால் இரண்டும் வராது. பேச்சு பத்துப் பன்னிரண்டு சொல். 'ஆமா', 'இல்ல', 'ஃபோஸ்கா', 'முட்டாள்', அப்புறம் மாதா கோயிலில் சொல்லக்கூடாத இரண்டு மூன்று. நாற்பது வருஷம் முடி வெட்டிக்கொண்டே ஊரையே பேசிச் சிரிக்க வைத்த மனுஷன்! இந்த மூன்று வருஷத்தில் நான் ஊர் மதிலைத் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். போன மாதம் மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் திட்டினார். "நீங்க விழுந்தா அவரை யாரு தூக்குவா? வாரத்துல ஒரு நாள் எங்கயாவது வெளியூர் போயிட்டு வாங்க. மருந்துச் சீட்டுல எழுதித் தரணுமா?" என்றார்.

வியாழக்கிழமைகளில் உக்ரைன்காரி ஹலினா வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. அந்த நாள் என்னுடையது. ஆனால் எங்கே போவது? ஸ்டேஷனுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். இருபது ஊர்ப் பெயர். நூறு சீஸ் அடுக்கிய கடையில் எதைக் கேட்பதென்று தெரியாதவள் மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

முப்பத்து நாலு வருஷம் அந்த வண்டிகளில் டிக்கெட் பார்த்தவன் நீ. எட்டரைக்குக் கிளம்பி ஐந்தரைக்குள் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி எனக்கு ஊர்கள் சொல். உன் அண்ணனுக்கு இது தெரியாது. நான் சமாதானம் பேச எழுதவில்லை. வண்டி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஃபோஸ்கா


சவோனா,
17 மார்ச் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். உட்காரச் சொன்ன வரி வரும்போது பாதிப் படி ஏறியிருந்தேன். இலாரியா என் முகத்தைப் பார்த்துப் பதறி, "யாருப்பா செத்தா?" என்று கத்தினாள். "யாரும் சாகல. ஒருத்தங்க வண்டி கேக்குறாங்க" என்றேன். காது போனதோடு புத்தியும் போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம். இந்த ஐந்து வருஷத்தில் என்னிடம் யாரும் ஒரு வண்டி கேட்டதில்லை. எல்லோரும் கைபேசியைக் கேட்கிறார்கள். நீங்கள் கேட்டீர்கள். அதற்கு முதலில் நன்றி.

இப்போது வேலையைப் பார்ப்போம். ரயிலில் போகிறவர்கள் இரண்டு விதம். சிலருக்கு ஊர் வேண்டும், சிலருக்கு ஜன்னல் வேண்டும். ஊர் வேண்டுமென்பவரை ஃபிளாரன்சுக்கு அனுப்பலாம். ஆனால் மூன்று வருஷம் ஒரே வீட்டுக்குள் இருந்தவருக்கு முதலில் வேண்டியது ஜன்னல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டமுள்ள பெரிய ஊர் இப்போது வேண்டாம். இரண்டு வண்டி மாறுவதும் வேண்டாம்.

அதனால் மலைப் பக்கம் போங்கள். கஸ்தெல்நுவோவோவில் வியாழக்கிழமைதான் சந்தை. காலை எட்டு நாற்பதுக்கு வண்டி. ஆறு தெரிகிற பக்கமாக உட்காருங்கள். போர்கோ ஸ்டேஷனைத் தாண்டினால் அந்தப் பழைய கூன் பாலம் வரும். ஒரு நிமிஷம்கூடத் தெரியாது, பையில் எதையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சந்தையில் கஷ்கொட்டை மாவு வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்குங்கள். திரும்ப மதியம் மூன்று முப்பத்திரண்டுக்கு வண்டி. ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்.

நெல்லோ அண்ணனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் எழுதினால் படிப்பேன்.

அல்வாரோ


லூக்கா,
6 ஏப்ரல் 2018

அல்வாரோ,

கோபத்தில் எழுதுகிறேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும்.

உன் கடிதம் வந்த வாரமே கிளம்பினேன். டிக்கெட் வாங்கினேன். வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது, கால் ஏறவில்லை. நான் போன நேரம் பார்த்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வண்டி போய்விட்டது. ஊர் மதில் மேலிருக்கும் நடைபாதைக்கு ஏறி ஒரு பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய், "அருமையான ஊர்" என்று ஹலினாவிடம் புளுகினேன். "எந்த ஊர்?" என்றாள். பெயர் வாயில் வரவில்லை. அவள் சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பெரிய வியாழன், கோயிலுக்குப் போய்விட்டேன். நேற்று ஏறினேன். ஹலினா வாசலில் நின்று, "இன்னைக்கு ஊர் பேரை எழுதிட்டுப் போங்க" என்றாள், அந்தக் கிண்டல்தான் என்னை ஏற்றியது. பாலத்தைப் பார்த்தேன் அல்வாரோ. அறுபத்தாறு வருஷமாக அதிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கிறேன், வண்டி ஜன்னலில் அதைப் பார்த்ததே இல்லை. ஆறு பச்சைப் பாட்டில் நிறத்தில் ஓடியது. சந்தையில் ஒரு ஆள் ஆட்டுப்பால் சீஸைக் கத்தி முனையில் நீட்டி, "வாங்க வேணாம் சின்னம்மா, சும்மா சிரிச்சுட்டுப் போங்க" என்றான். என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஐந்து மணி நேரம் என் பெயரையே யாரும் சொல்லவில்லை. அது எவ்வளவு இதமாக இருந்தது என்று உனக்குப் புரியுமா தெரியவில்லை.

இனி மிச்சத்தைக் கேள். மூன்றேகாலுக்கே ஸ்டேஷனில் இருந்தேன். மூன்று முப்பத்திரண்டு ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று. நாய்க்குட்டியோடு ஒரு பெண் வந்தாள். கேட்டேன். "அந்த வண்டியா? அது நின்னு நாலு வருஷம் ஆச்சே! யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றாள். அடுத்த வண்டி ஐந்தே முக்காலுக்கு. ஹலினா போனை எடுக்கவில்லை, குளியலறையில் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம்.

வீடு சேரும்போது ஏழேகால். ஹலினாவுக்குப் பஸ் போய்விட்டது. அவர் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்து, நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பச் சொல்லி உட்கார்ந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். படுக்கையில் போடும் வரை விடவில்லை. 'முட்டாள்' என்றுகூடச் சொல்லவில்லை.

நின்றுபோன வண்டிக்கு என்னை அனுப்பி வைத்தாயே! இனி உன் உதவி போதும்.

ஃபோஸ்கா


சவோனா,
2 மே 2018

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. வெட்கத்தால்தான்.

நான் உங்களுக்கு எழுதிய நேரங்களை எங்கேயும் பார்த்து எழுதவில்லை. மனப்பாடமாக எழுதினேன். மூன்று முப்பத்திரண்டு என் வண்டி. பதினோரு வருஷம் அதில் வேலை பார்த்தேன். அதை நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தலைக்குள் ஓடுகிற வண்டிகளில் பாதி இப்போது தரையில் ஓடவில்லை என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சவோனா ஸ்டேஷனுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் லூக்காவிலிருந்து போகும் எல்லா வண்டிக்கும் நேரம் வேண்டும் என்றேன். அவள் என்னவோ சொன்னாள். நான் காதைக் காட்டினேன். ஒரு காகிதத்தில், 'ஐயா, நீங்கள் இருப்பது சவோனா' என்று எழுதிக் காட்டினாள். 'தெரியும். அண்ணி இருப்பது லூக்கா' என்று கீழே எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. ஆனாலும் பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

இனி அதைப் பார்த்துத்தான் எழுதுவேன். உங்களை அன்று மூன்றரை மணி நேரம் கலங்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஹலினாவிடமும் சொல்லுங்கள்.

போதும் என்றீர்கள். இருந்தாலும் ஒரு ஊர் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தத் தாளை அடுப்பில் போடுங்கள். பீசா. திட்டாதீர்கள், லூக்காக்காரர்களுக்குப் பீசாக்காரர்களைக் கண்டால் ஆகாது என்று எனக்கும் தெரியும். அரை மணிக்கு ஒரு வண்டி இருக்கிறது, எதை விட்டாலும் அடுத்தது வந்துவிடும். பயந்தவருக்கு அதுதான் நல்ல ஊர். பெரிய ஸ்டேஷன் வரை போகாமல் முன்னாலேயே சான் ரொஸ்ஸோரேயில் இறங்குங்கள். கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரிப் படம் எடுக்கிறவர்களைத் தாண்டி ஆற்றங்கரைக்கு நடந்துவிடுங்கள். கடலை மாவு அடை சுடுகிற கடையில் கூட்டமிருந்தால் நில்லுங்கள், இல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அல்வாரோ


லூக்கா,
11 மே 2018

அல்வாரோ,

அடுப்பில் போடவில்லை. நேற்றுப் பீசா போய்வந்தேன். என்ன நடந்தது என்று கேள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அடை தின்றேன், ஆற்றங்கரையில் நடந்தேன், நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரும் ஹலினாவும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஹலினா தலை நிமிராமல், "பீசா எப்படி இருந்துச்சு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் உன் அண்ணன் சீட்டைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, முழுசாக, ஒரு சொல் விடாமல், "வாசல்ல பீசாக்காரன் நிக்கிறதுக்கு வீட்ல ஒரு சாவு விழலாம்!" என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் முழு வாக்கியம்! நம் ஊர்க் கிழவர்கள் எல்லோரும் சொல்கிற அதே பழைய வசவு. ஹலினாவுக்கு அர்த்தம் புரியாமல், "யாரு செத்தா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்கே ஆச்சரியம். வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார்! ஏழு தடவை சொல்ல வைத்தேன். பேச்சுப் பயிற்சி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் மனசில் ஏறிய பழமொழி, வசவு, ஜெபம் எல்லாம் வேறு பாதையில் வெளியே வருமாம். "இன்னும் அது மாதிரி என்னென்ன தெரியும்னு தேடுங்க" என்றார்.

நீ பீசா என்று எழுதியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. உனக்கு நன்றி. போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு.

ஆனால் சந்தோஷத்தில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே குதித்திருக்கிறேன். அவர் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். விரலை வைத்தார். "அல்வாரோ" என்றார். பதின்மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டதில்லை. அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று காலை வரை திரும்பவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த ஜூலை மாதம் நீ அவருக்கு அபராதம் போட்டபோது, பெட்டியில் மேலதிகாரி யாராவது மாறுவேஷத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறும் முன் ஸ்டேஷன் இயந்திரத்தில் டிக்கெட்டுக்கு முத்திரை அடிக்க மறந்ததற்காகக் கூடப் பிறந்த அண்ணனை, அவருடைய வாடிக்கைக்காரர்கள் இருபது பேர் முன்னால் நிறுத்தி யாராவது ரசீது எழுதுவார்களா? அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். நீ 'அதிகாரி இருந்தார்' என்று ஒரு வரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன். முடிந்துவிடும்.

ஃபோஸ்கா


சவோனா,
16 மே 2018

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் பேசியதைப் படித்துவிட்டு நான் தெருவில் இறங்கி நடந்தேன். கடல் வரை போய்விட்டேன். அந்த வசவை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அப்பா. நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, யார் வேகமாகச் சொல்வது என்று போட்டி போடுவோம். எப்போதும் அவர்தான் ஜெயிப்பார்.

நீங்கள் கேட்ட வரியை எழுத மூன்று தாள் கிழித்தேன். எழுதியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் அன்று பெட்டியில் எந்த அதிகாரியும் இல்லை. நான் வேண்டுமென்றே செய்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளக் கடைக்கு வந்தேன். என் மனைவி லூசியா என்னை விட்டுப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. கதவு திறந்திருந்தது, வாசலில் திரையாகத் தொங்கும் மணிச் சரத்தைத் தள்ளப் போனேன். உள்ளே அண்ணன் மருந்துக்கடைக்காரருக்குச் சவரம் செய்துகொண்டே சொன்னார்: "என் தம்பிக்கு எல்லா வண்டியும் எத்தனை மணிக்குக் கிளம்பும்னு தெரியும். பொண்டாட்டி எத்தனை மணிக்குக் கிளம்புனான்னு மட்டும் தெரியல." கடையே சிரித்தது. நான் மணிச் சரத்தைத் தொடாமல் திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை அவர் என் வண்டியில் ஏறினார். மூச்சிரைக்க ஓடி வந்து ஏறினார். அதனால்தான் முத்திரை அடிக்கவில்லை, எனக்குத் தெரியும். அதே மருந்துக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன். அண்ணன் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்தார். நான் எழுதி முடிக்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தார். கிழித்துக் கொடுத்ததும் சிரிப்பு நின்றது. அந்த முகம் எனக்கு இன்னும் தெரிகிறது.

அவர் செய்தது ஒரு வேடிக்கைப் பேச்சு. வாய் சும்மா இருக்காத மனுஷர். நான் செய்தது நாலு நாள் மனசில் வைத்திருந்து செய்தது. இரண்டும் ஒன்றல்ல. இதை அப்படியே படித்துக் காட்டுங்கள், எதையும் விடாதீர்கள். கோபப்பட்டால் படட்டும். பொய்யான அதிகாரி ஒருத்தர் வந்து எங்களைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

வியாழக்கிழமைக்கு பிஸ்தோயா பாருங்கள். நேரம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அச்சடித்ததைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அல்வாரோ


லூக்கா,
1 ஜூன் 2018

அல்வாரோ,

பத்து நாள் கையில் வைத்திருந்தேன், தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து படித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரே கட்டில் என்று வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர், சவரம், அந்தக் கேலி... அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். கையை ஆட்டி மேலே படி என்றார். நீ வாசலில் நின்றாய் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது அல்வாரோ. முகம் அப்படியே வெளுத்துவிட்டது. முடித்ததும், திரும்பப் படி என்று விரலைக் காட்டினார். மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அந்தக் கேலி வந்ததும் குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. "முட்டாள், முட்டாள்" என்று தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அதை என்னிடமும் சொன்னார். நான் சிரித்தேன். லூசியா போனதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்டதில்லை, ஆனால் சிரித்தேன். என்னையும் மன்னித்துவிடு.

இந்த வியாழக்கிழமை பிஸ்தோயாவுக்குக் கிளம்பிக் கோட்டை மாட்டினேன். சட்டைக் கையைப் பிடித்தார். தன்னைத்தானே சுட்டிக் காட்டினார்.

"நீங்களுமா?"

"ஆமா."

"எங்க? பிஸ்தோயாவுக்கா?"

"இல்ல."

நீ அனுப்பிய தாளிலிருந்து ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் சவோனாவுக்குப் போகிற வழியில் இருக்கும் வியாரெஜ்ஜோ என்றதும் நாற்காலிக் கையில் ஓங்கி ஒரு தட்டு. "கடல் பாக்கணுமா?" என்றேன். "இல்ல. அல்வாரோ" என்றார். ஹலினா சமையலறையிலிருந்து ஓடி வந்து கை தட்டினாள்.

நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்று சத்தியம் செய்தவர். அதை உடைக்காமலே உன்னைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார், பார்த்தாயா? சக்கர நாற்காலியோடு வண்டி ஏறுவது எப்படி, எங்கே யாரிடம் சொல்ல வேண்டும், கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, எல்லாம் விசாரித்து எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறோம்.

ஃபோஸ்கா


சவோனா,
23 ஜூன் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று முன்தினம் நீங்கள் எங்கள் இருவரையும் கடற்கரைப் பெஞ்சருகே விட்டுவிட்டு, "ஒரு மணி நேரம் நடந்துட்டு வர்றேன்" என்று போனீர்களே, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஸ்டேஷனில் நீங்கள் என் காதில் கத்தியும் எனக்குச் சரியாக விழவில்லை. விழுந்திருந்தாலும் அங்கே நின்று சொல்லியிருக்க முடியாது. எழுதுகிறேன்.

நாற்காலி ஏற்றும் மேடை சரியாக வந்து நிற்குமா, நடைபாதையில் சரிவு எங்கே என்று பார்க்க அதற்கு முன் நான் மூன்று தடவை வியாரெஜ்ஜோ போய்வந்தேன். வண்டி பற்றிய கவலை முழுக்கத் தீர்ந்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. நீங்கள் போனதும் இருவரும் கடலைப் பார்த்தோம். அவரால் பேச முடியாது, என்னால் கேட்க முடியாது. நல்ல ஜோடி.

நான்தான் தொடங்கினேன். "அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தன்னைக் காட்டினார். நான் என்னைக் காட்டினேன். அவர் மறுபடி தன்னைக் காட்டினார். ஐந்தாறு தடவை இப்படியே. அந்தப் பக்கம் போன ஒரு குழந்தை நின்று வேடிக்கை பார்த்தது.

பிறகு என் தலையைப் பார்த்தார். இலாரியாவின் பக்கத்து வீட்டுக்காரி வெட்டிய முடி அது. அண்ணன் முகத்தில் வந்த அருவருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று புரியாமல் கைக்குட்டை கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், கடைசியில் சட்டைப் பையிலிருந்த சீப்பைக் கொடுத்தேன். தலையைக் குனியச் சொன்னார். இடது கையால் வாரினார். பழகாத கை, இரண்டு மூன்று தடவை காதில் குத்தியது. நான் அசையவில்லை. அறுபத்து மூன்று வயதில் கடற்கரையில் குனிந்து உட்கார்ந்து அழுதேன். அவர் வாரிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. அவருக்கு என்னவோ சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்து முயற்சி செய்தார், முகம் சிவந்தது. எனக்கு உதடு மட்டும் தெரிகிறது. "வெயிலா?" என்றேன். "இல்ல." "வயிறா?" "இல்ல!" "ஃபோஸ்கா அண்ணியா?" "இல்ல, முட்டாள்!" அது மட்டும் நன்றாகக் கேட்டது. அவர் நாற்காலியைத் தட்ட, நான் கத்த, ஐஸ்கிரீம் வண்டிக்காரர் சண்டை என்று நினைத்து ஓடி வந்தார். அவர் அண்ணன் வாயருகே குனிந்து கேட்டுவிட்டு என் காதில் கத்தினார்: "வீடுங்கிறாரு! வீடு!"

எனக்கு முகம் வாடிவிட்டது. சரி, களைத்துவிட்டார், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று எழுந்தேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் நெஞ்சில் விரலை வைத்தார். மறுபடி அந்தச் சொல்லைச் சொன்னார். இந்தத் தடவை எனக்கு யாரும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். ஹலினா ஜூலையில் மகளைப் பார்க்க ஊருக்குப் போகிறாள் என்றீர்கள். அந்த மாதம் நான் வரலாமா? வியாழக்கிழமைகளில் அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். தூக்குவதற்குப் பலம் இருக்கிறது. சூப் வைக்கத் தெரியும். நீங்கள் வண்டி ஏறுங்கள்.

அல்வாரோ


போந்த்ரெமோலி,
12 ஜூலை 2018

அன்புள்ள அல்வாரோ,

இந்தக் கடிதம் உனக்குச் சவோனாவில் கிடைக்கும், நீ ஊருக்குத் திரும்பிய பிறகு. இப்போது நீ என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாய். நான் இங்கே இரண்டு ஆறு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் பார்க்கப் போகிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்பாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல உன் காதில் கத்த வேண்டும். நன்றியைக் கத்திச் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரை நீ சொல்லவில்லை. உன் தாள்களில் விரல் வைத்து நானே தேர்ந்தெடுத்தேன். ஒரு இடத்தில் வண்டி மாறினேன். மாறுகிற இடத்தில் இருபது நிமிஷம் இருந்தது, பயப்படாமல் ஒரு பீச் பழம் தின்றேன். இங்கே மாவு அடையைக் கட்டம் கட்டமாக வெட்டி, வெந்நீரில் போட்டெடுத்து, துளசியும் எண்ணெயும் விட்டுக் கொடுக்கிறார்கள். உன் அண்ணன் மென்று விழுங்கக்கூடிய பதம். பரிமாறியவளிடம் பக்குவம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் நீ வந்த அன்று, பெட்டியோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாய். நான் உள்ளே வா என்றதும் வரவில்லை. அவர் ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, கோணலாகச் சுவரில் இடித்துக்கொண்டு, வாசல் வரை தானே வந்தார். உதவப் போனேன், முறைத்தார். உன் பெட்டியின் பிடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்ப முயன்றார். நாற்காலி கதவில் சிக்கி மூன்று பேரும் பத்து நிமிஷம் அங்கேயே மாட்டிக்கொண்டோம். அன்று ராத்திரி அவர் தூங்கிய பிறகு வெகு நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்துக்கு முந்தைய முகம் அது.

இன்று காலை நான் கிளம்பும்போது நீங்கள் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தீர்கள். பேச முடியாதவர் கத்துகிறார், கேட்க முடியாதவன் மறுத்துப் பேசுகிறான். கீழ்வீட்டு அம்மா படியில் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல என்ன, கல்யாணமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அல்வாரோ, நான் உன்னிடம் கேட்டது ஒரு நாள் போய்வர ஒரு ஊர். அவ்வளவுதான். நீ பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், நானே வழி சொல்லிக் கொடுத்தேன். செய்யவில்லை. அந்த ஒரு கடிதத்துக்காக நான் உயிரோடு இருக்கும் வரை உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதை உன் அண்ணனிடம் சொல்ல முடியாது, புண்படுவார். டாக்டரிடம் சொன்னால் குறித்துக்கொள்வார். உன்னிடம் சொல்கிறேன். மூன்று வருஷமாக நான் வீட்டுக்குப் போவது, போக வேண்டியிருந்ததால். மருந்துக் கடைக்குப் போனால் ஓடி வருவேன், கோயிலுக்குப் போனால் பாதியில் எழுந்து வருவேன். ஒரு தடவைகூட ஆசைப்பட்டு வந்ததில்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

இன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டேன், கோட்டை ஏறிப் பார்த்துவிட்டேன், வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த மேஜையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் நெல்லோ இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணி
ஃபோஸ்கா